கூரைமேல் தகரக் குதிரை

"ஃபோன் நிக்கவே மாட்டேங்குது, ஜில்" என்றபடி உள்ளே வந்தாள் அலுவலக உதவியாளர் நோரீன். சொன்ன குரலில் சந்தோஷம் இல்லை.

ஜிலியன் டர்வி அதைக் கவனிக்கவில்லை. மெல்பர்னுக்கு வெளியே, கொரம்பரா என்ற சின்ன ஊரில் அவள் சொந்தமாக வக்கீல் அலுவலகம் திறந்த நாளிலிருந்து அந்த ஃபோன் ஊமையாகவே கிடந்தது.

"யாரு யாரு கூப்பிட்டாங்க?"

"உயில் எழுதணும்னு ஒருத்தர். தம்பியோட வேலித் தகராறுன்னு ஒருத்தர். எல்லாரும் உன் கதையைப் படிச்சவங்க."

"பாத்தியா! எழுதப்போறேன்னப்ப சிரிச்சியே."

நோரீன் சிரித்தது உண்மைதான். குளிர் தொடங்கியதிலிருந்து ஜிலியன் ஒரு இணைய வகுப்பில் இருந்தாள். வக்கீல்கள் தங்கள் தொழிலை நாலு பேருக்குத் தெரியவைப்பது எப்படி என்று பாடம். வேலையை ஒழுங்காகச் செய்தால் ஆட்கள் தானாக வருவார்கள் என்று நினைத்திருந்தவள் அவள். அந்த நினைப்புதான் முதல் வியாதி என்றார் வகுப்பு நடத்தியவர். தினமும் காபி ஆறுவதற்குள் தெரிந்தவர் ஒருவருக்கு ஃபோன் செய். வேலை கேட்காதே, நலம் கேள். எங்கே போனாலும் பையில் விசிட்டிங் கார்டு இருக்கட்டும். வாரம் ஒரு கதை எழுதி முகநூலில் போடு, உன்னிடம் வந்தவர் எப்படி வந்தார், எப்படித் திரும்பினார் என்று. பெயர் வேண்டாம். ஆனால் உண்மையான சின்ன விவரம் ஒன்றை விட்டுவை, அப்போதுதான் நம்புவார்கள்.

கூச்சக்காரியான அவளுக்கு ஃபோன் செய்வது பல் பிடுங்குவது போல இருந்தது. எழுதுவது மட்டும் சுலபமாக வந்தது.

"கதைக்குக் கீழ என்ன போட்டிருக்காங்கன்னு பாத்தியா?" என்றாள் நோரீன்.

"பாராட்டுதானே?"

நோரீன் தன் ஃபோனை மேசைமேல் வைத்தாள். யாரோ ஒரு படம் போட்டிருந்தார். பால் கறக்கும் கொட்டகை. அதன் கூரைமேல், காற்றுக்கேற்பத் திரும்பும் தகரக் குதிரை. வால் இல்லாத குதிரை. 'இதுதானே அது?' என்று கேட்டிருந்தார். அதன் கீழே வரிசையாகச் சிரிக்கும் முகங்கள்.

ஜிலியன் எழுதியிருந்தது தன்னிடம் வந்த ஒரு விதவையின் கதை. கணவரை அடக்கம் செய்த பிறகு, பக்கத்து ஊரிலிருந்து ஒரு வாலிபன் வந்து நானும் அவர் மகன்தான் என்கிறான். அவள் நீதிமன்றத்துக்கு இழுக்காமல், அவனை உட்காரவைத்துப் பேசி, பங்கு பிரித்துக்கொடுக்கிறாள். 'வாலில்லாத தகரக் குதிரை சுழலும் கூரையின் கீழே இருவரும் கைகுலுக்கினார்கள்' என்று முடித்திருந்தாள். அந்த வரியை எழுதும்போது அவளுக்கே கண் கலங்கியிருந்தது.

"நான்தான் பேரே போடலையே, நோரீன்."

"பேர் எதுக்கு? ரோட்டுல போற பால் லாரிக்காரனுக்குக்கூட அந்தக் குதிரையைத் தெரியும். பெர்ட் பிக்ஃபோர்டு தன் கையால வெல்டிங் வச்சது. வால் உடைஞ்சு விழுந்தப்ப ஊரே கேலி பண்ணுச்சு."

ஜிலியன் தன் ஃபோனை எடுத்துக் கதையை அழித்தாள். அழிப்பதற்குள் விரல் இரண்டு தடவை தப்பான இடத்தைத் தொட்டது. மறுபடி ஃபோன் அடித்தது.

"எடுக்கவா?"

"வேண்டாம்."

அன்று சாயங்காலம் பெர்ட்டின் மனைவி கோரல் பிக்ஃபோர்டு கொட்டகைத் தரையைக் குழாய் வைத்துக் கழுவிக்கொண்டிருந்தார். காரை விட்டு இறங்கிய ஜிலியன் கூரைப் பக்கம் பார்க்கவில்லை.

"வா வா, எழுத்தாளரம்மா."

"தப்பு என்னோடது, கோரல். அழிச்சிட்டேன்."

"எதை அழிச்சே? ஊர் வாயையா?" தண்ணீர் நிற்கவில்லை. "என் அண்ணன் பொண்ணு ஃபோன்ல வாசிச்சுக் காட்டினா. 'பெருந்தன்மையான பெண்மணி'ன்னு போட்டிருக்கியாமே? ரொம்ப நன்றி. கடைசி வரியில அவ அழுதுட்டா. நல்லாத்தான் எழுதறே."

"ஒரு வக்கீல் செய்யவே கூடாத காரியம் இது. நீங்க என்மேல புகார் குடுக்கலாம். மெல்பர்ன்ல அதுக்கு ஆபீஸ் இருக்கு. எப்படிக் குடுக்கணும்னு நான்..." பாதியில் நிறுத்திக்கொண்டாள். "நான் சொல்லித்தர்றது முறையில்ல. வேற வக்கீலைக் கேட்டுக்குங்க."

"கேட்டுக்கறேன்." கோரல் குழாயை மூடினார். "சனிக்கிழமை விவசாயக் கண்காட்சியில மாதர் சங்கத்து டீ, ஸ்கோன் ரொட்டி மேசை என் முறை. பேரை எடுத்துடுங்கன்னு சொல்லத்தான் இருந்தேன். அப்புறம் தோணுச்சு, நான் எதுக்கு ஒளியணும்? நீ வா. கப்பு கழுவு."

"நானா?"

"அவங்க பாக்கறதுக்கு இன்னொரு மூஞ்சியும் இருக்கட்டும்."

சனிக்கிழமை கண்காட்சிக் கூடத்தில் ஜிலியன் ஏப்ரன் கட்டிக்கொண்டு பாத்திரம் கழுவும் தொட்டிமுன் நின்றாள். வந்தவர்கள் முதலில் கோரலைப் பார்த்தார்கள், பிறகு அவளை. ஒரு கிழவர் டீயைக் கையில் வாங்கிக்கொண்டு அங்கேயே நின்றார்.

"ஏம்மா வக்கீலு, உன்கிட்ட வரணும்னுதான் இருந்தேன். ஆனா எங்க வீட்டுத் தண்ணித் தொட்டியில பச்சைத் தவளை ஒண்ணு வரைஞ்சிருக்கு. அதையும் எழுதிப்புடுவியோன்னு பயமாயிருக்கு."

கூடம் சிரித்தது. ஜிலியன் சோப்பு நுரைக்குள் கப்பைத் தேடினாள். கப்பு ஏற்கனவே அவள் கையில்தான் இருந்தது.

கொஞ்ச நேரம் கழித்து ஒரு பெண் ஓரமாக வந்து, "கார்டு இருக்கா? எங்க வீட்டுக்காரர் விஷயம் ஒண்ணு" என்று கிசுகிசுத்தாள். வகுப்பில் பழகிய கை தானாக ஏப்ரன் பைக்குப் போனது. போன கை அங்கேயே நின்றது.

"என்மேல புகார் வரப்போகுதுங்க. பக்கத்து ஊர் லியோங்காத்தாவுல வேற வக்கீல் இருக்காங்க. அவங்களைப் பாருங்க."

அந்தப் பெண் அவசரமாக விலகிப் போனாள்.

டீ நேரம் முடியப்போகும்போது சங்கத்துத் தலைவி மேசைமேல் குனிந்தார். "கோரல் கண்ணு, அந்தப் பையன் விஷயம்... நிஜந்தானா?"

பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். கோரல் கையிலிருந்த ஸ்கோனை இரண்டாகப் பிளந்தார்.

"பேரு டேல். பெர்ட்டோட காது அப்படியே வந்திருக்கு, பாவம். உனக்கு ஜாமா, க்ரீமா?"

"ரெண்டும்" என்றார் தலைவி, தட்டை நீட்டியபடி.

கூட்டம் கலைந்த பிறகு கோரல் தட்டுகளைத் தூக்கிக்கொண்டு தொட்டிப் பக்கம் வந்தார்.

"இதைக் கிறிஸ்துமஸுக்குச் சொல்லலாம்னு வச்சிருந்தேன். அவனைப் பக்கத்துல நிக்கவச்சு, இவன் பெர்ட்டோட பையன்னு நானே சொல்லணும். பால் கறக்கறப்ப மாடுங்ககிட்ட எத்தனை தடவை சொல்லிப் பாத்திருப்பேன் தெரியுமா? நீ முந்திக்கிட்டே."

ஜிலியனால் மன்னிப்புக்கூடக் கேட்க முடியவில்லை. அந்த வார்த்தையையும் தனக்காகவே சொல்வதுபோல் இருக்குமோ என்று பயந்தாள்.

"திங்கக்கிழமை புகார் எழுதறேன்" என்றார் கோரல்.

"எழுதுங்க."

"கோபத்துல இல்ல. கோபமும் இருக்கு." துண்டை எடுத்து அவள் தோள்மேல் போட்டார். "அந்தத் தட்டையும் தொடை. இன்னும் ஈரமா இருக்கு."

ஏப்ரன் பையிலிருந்த கார்டுகள் நனைந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கிடந்தன. ஜிலியன் தட்டைத் துடைத்தாள்.