நின்றது போலிருந்த இரும்புக் கை

"என் வேலையைப் புடுங்க ஒரு இரும்புக் கையைச் செஞ்சுட்டு, என் தட்டுல கறி வைக்கிறீங்களே மச்சான், இது நியாயமா?"

"வேலை போகாதுடா. விரல்தான் மிஞ்சும். உனக்கு இன்னும் எத்தனை பாக்கி, காட்டு பார்ப்போம்."

தெஷோ இடது கையைத் தூக்கிக் காட்டினான். இரண்டு விரல்களை ஆலையில் தகடு அழுத்தும் அச்சு இயந்திரம் என்றோ வாங்கிக்கொண்டிருந்தது. "கோப்பை பிடிக்க இது போதும்," என்றான். அவனுடைய அக்கா பிரோஷ்கா, இரண்டு பேரும் வாயை மூடிக்கொண்டு சாப்பிடுங்கள் என்று அதட்டினாள்.

தெஷோ மச்சான் என்று கூப்பிட்டது அவள் கணவர் கால்மானை. ஹங்கேரியின் தலைநகர் புடாபெஸ்ட்டில் சோவியத் டாங்கிகள் நுழைந்த வருடம் மூன்று பேரும் எல்லை தாண்டி, கடைசியில் அமெரிக்காவின் டொலிடோ நகரத்து ஹங்கேரியர் தெருவில் வந்து சேர்ந்தவர்கள். இரும்புத் தகட்டை அச்சில் அழுத்திக் கார் கதவு செய்யும் ஆலையில் மச்சினன் அச்சுக்குள் தகடு வைப்பான். கால்மான் கருவி செய்யும் பிரிவில் இருந்தார். தகட்டை எடுத்து வைக்க ஒரு இரும்புக் கை செய்தால் யாருடைய கையும் நசுங்காது என்று பல வருடம் இராப்பகலாக உழைத்தார். ஆலை அதை ஏற்றுக்கொண்டது. அந்தக் கையைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்குத் தெஷோவையே போடச் சொல்லிக் கேட்டு வாங்கினார்.

அந்த ஆலையில் ஒரு பழக்கம் உண்டு. யாரும் நிறுத்தும் பொத்தானை அமுக்க மாட்டார்கள். அமுக்கினால் மேஸ்திரி வந்து சாவி போட்டு இயந்திரத்தை மறுபடி ஓட்டும்வரை உற்பத்தி நிற்கும், திட்டு விழும். அதனால் இயந்திரம் தானாக நிற்கிற நேரம் பார்த்து, கையை விட்டுத் தகட்டைச் சரிசெய்வார்கள்.

ஒரு நாள் இரும்புக் கை அசையாமல் நின்றது. தகடு கோணலாகக் கிடந்தது. தெஷோ உள்ளே குனிந்து அதை நேராக்கினான். தகடு சரியான இடத்தில் உட்கார்ந்ததும், அதற்காகவே காத்திருந்த கை புறப்பட்டு வந்து, அவனைப் பக்கத்துத் தூணோடு சேர்த்து நசுக்கியது. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே உயிர் போய்விட்டது.

விசாரணைக்கு முன் மேலாளர் கால்மானைத் தனியே அழைத்தார். செத்தவன் அஜாக்கிரதையாக இருந்தான் என்று மட்டும் சொல், அடுத்த வருடம் நீ செய்த இரும்புக் கை எல்லா ஆலையிலும் ஓடும் என்றார். கை தகட்டுக்குக் காத்திருப்பதைக் காட்டக் கால்மான் முதலில் அதில் ஒரு சிவப்பு விளக்கு வைத்திருந்தார். அச்சு அதிர்வில் பல்பு அடிக்கடி போனதால், அவரே அதைக் கழற்றிவிட்டார்.

விசாரணையில் எழுந்து நின்று சொன்னார்: "அவன் மேல தப்பு இல்லைங்க. மெஷின் நின்னுடுச்சுன்னு நெனச்சான். அது நிக்கல, தகட்டுக்குக் காத்துக்கிட்டு இருந்துச்சு. அதைக் காட்டுற விளக்கை நான்தான் கழட்டினேன்."

ஆலை அவரை வெளியே அனுப்பியது. அந்தக் கையைப் பிரித்துப் பழைய இரும்பு விலைக்குப் போட்டார்கள். அச்சு முன்னால் மறுபடியும் ஆட்களை நிறுத்தினார்கள்.

கால்மான் வீட்டுக்கு வந்து, விசாரணையில் சொன்னதை அப்படியே மனைவியிடம் சொன்னார்.

"இதை அவன்கிட்ட முன்னாடியே சொல்லியிருக்கலாமே," என்றாள் பிரோஷ்கா.



ஆலையில் வேலை பார்க்கும் நண்பர்களே, உங்கள் இடத்தில் இயந்திரம் நின்றுவிட்டதா, காத்திருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்கிறீர்கள்? உங்களுக்கு யாராவது சொல்லித் தந்தார்களா? தயவுசெய்து கீழே பதில் எழுதுங்கள்.