மூலத்தைச் சரிபார்க்கவும்

இருபது மாடிக் கட்டிடத்தின் லிஃப்டைப் பிரித்து மேய்ந்து மறுபடி மாட்டுகிற மனிதருக்கு, ஒரு முழ நீளக் கேபிளை டிவியில் செருகத் தெரியவில்லை என்று வெளியே தெரிந்தால் மானம் கப்பலேறிவிடும். அதனால் லிஃப்ட்காரர் வாசல் கதவை உள்பக்கம் தாழிட்டுவிட்டுத்தான் வேலையில் இறங்கினார்.

அன்று சாயங்காலம் மகளுக்குப் பட்டமளிப்பு விழா. மாணவர்கள் சார்பில் பேசுவதற்கு அவளைத்தான் தேர்ந்தெடுத்திருந்தார்கள். கல்லூரி விழாவை இணையத்தில் நேரலையாகக் காட்டியது. மகள் விட்டுப்போன பழைய லேப்டாப்பில் அது ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் அந்த லேப்டாப் ஒருமுறை கட்டிலிலிருந்து விழுந்ததில் திரையின் மேல்பாதி கறுத்துப்போயிருந்தது. மேடையில் யார் வந்து நின்றாலும் கழுத்துக்கு மேலே ஒன்றும் தெரியவில்லை.

நியாயமாகப் பார்த்தால் இருவரும் நேரில் போயிருக்க வேண்டும். மனைவி புதுப் புடவைகூட எடுத்து வைத்திருந்தாள். “கம்பெனியில ரெண்டு நாள் லீவு தரமாட்டேங்கறாங்க” என்று அவர்தான் குண்டைத் தூக்கிப் போட்டார். பச்சைப் பொய். கம்பெனியில் அவர் லீவே கேட்கவில்லை. ஒரு ராத்திரி முழுக்க பஸ்ஸில் உட்கார்ந்து போக அவரால் முடியாது. காரணம் மூலம். டாக்டர் மருந்தும் கொடுத்து, நிறையத் தண்ணீர் குடிக்கச் சொல்லி, ரொம்ப நேரம் உட்காரவும் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

வீட்டில் சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. மனைவியின் தம்பிக்குக் குடலிறக்கம் வந்தபோது, “மச்சானோட குடல் வெளிநாடு பாக்கக் கிளம்பிடுச்சு” என்று சொந்தக்காரர்களிடம் எல்லாம் சொல்லிச் சொல்லிச் சிரித்தவர் அவர். இப்போது தன் சங்கதி தெரிந்தால் மச்சான் சும்மா விடுவானா? கொடுத்ததை வட்டியோடு வாங்கிக்கொள்ள வேண்டியதுதான். ஊருக்கெல்லாம் பட்டப்பெயர் வைத்த மேதாவி, தன் முறை வரும்போது பொந்துக்குள் புகுந்துகொண்டார்.

பொய்க்குப் பரிகாரமாக ஒரு வாக்குக் கொடுத்திருந்தார். “பெரிய டிவியில போட்டுக் காட்டறேன். முன்வரிசையில உக்காந்து பாக்கற மாதிரி இருக்கும்.”

அந்த வாக்கை நிறைவேற்றத்தான் இப்போது டிவிக்கும் சுவருக்கும் நடுவே தலையை நுழைத்து மண்டியிட்டிருந்தார். மண்டியிடுவதில் ஒரு சௌகரியம், உட்கார வேண்டியதில்லை. டிவியின் முதுகில் ஒரே மாதிரி மூன்று ஓட்டைகள் இருந்தன. லேப்டாப்பிலிருந்து வந்த கேபிளை ஒன்றில் செருகினார், பிடுங்கினார், அடுத்ததில் செருகினார். ஒட்டடை மூக்கில் ஏறித் தும்மல் வந்ததுதான் மிச்சம்.

“ஏதாவது தெரியுதா?”

“நீலமாத்தான் இருக்கு” என்றாள் மனைவி. ரிமோட்டோடு எதிரே சோபாவில் இருந்தாள். “தம்பிக்கு ஒரு போன் போடட்டுமா? பக்கத்துத் தெருதானே, ஓடி வந்துடுவான்.”

மச்சான் செல்போன் கடை வைத்திருந்தான். “யாரும் வேணாம். நான் பாக்காத கேபிளா?”

“உங்க கேபிள் ஆளுங்களைத் தூக்குறது. இது படம் காட்டுறது.”

லேப்டாப்பில் தலையில்லாத சிறப்பு விருந்தினர் நன்றி சொல்லிக்கொண்டிருந்தார். அடுத்து மகள்தான். அவருக்கு வியர்த்துக் கொட்டியது. மனைவி கண்ணாடியை மாட்டிக்கொண்டு டிவிக்கு அருகே வந்து குனிந்தாள்.

“ஏங்க, மூலத்தைச் சரிபார்க்கணுமாம்.”

டிவிக்குப் பின்னால் அசைவு நின்றது.

“யாரு சொன்னா?”

“யாரு சொல்லணும்? அதான் கொட்டை எழுத்துல எழுதியிருக்கே.”

மருந்துச் சீட்டு. சட்டைப் பையிலிருந்து எடுக்க மறந்துவிட்டார். துவைக்கப் போட்டபோது இவள் கையில் சிக்கியிருக்கிறது. இனி மறைத்துப் பயனில்லை.

“உன்கிட்ட மறைக்கணும்னு இல்ல” என்று சுவரைப் பார்த்தபடி ஆரம்பித்தார். “ஒரு மாசமாவே இருக்கு. உக்காந்தா உயிர் போகுது. பஸ்ஸுல எப்படி வர்றது? வெக்கமா இருந்துச்சு. அதான் லீவு இல்லன்னு சொல்லிட்டேன். லீவு நான் கேக்கவே இல்ல.”

அவர் மெல்லத் தலையை வெளியே எடுத்தார். மனைவி ஒரு விரலால் டிவித் திரையைக் காட்டினாள். நீலப் பின்னணியில் வெள்ளை எழுத்து: மூலத்தைச் சரிபார்க்கவும்.

டிவி வாங்கிய அன்று, நம் மொழி இருக்கும்போது இங்கிலீஷ் எதற்கு என்று வீறாப்பாக மெனுவைத் தமிழுக்கு மாற்றி, ‘சோர்ஸை’ மூலமாக்கியவரும் அவரேதான்.

மனைவி சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை என்று அவருக்குப் பட்டது.

“கடைசி நேரத்துலயாவது லீவு கிடைக்கும்னு காத்துக்கிட்டு இருந்தேன். ஒத்த வார்த்தை சொல்லியிருந்தா உங்களை வீட்டுல படுக்க வச்சுட்டு நான் தம்பியோட போயிருப்பேன்” என்றாள். “இப்ப அவ முன்னாடி உக்காந்திருப்பேன்.”

தன் ஒருவனுடைய வெட்கத்துக்காக இவள் ஆசையைப் பலி கொடுத்திருக்கிறோம் என்பது அப்போதுதான் உறைத்தது.

அவள் கையிலிருந்த ரிமோட்டால், படம் எந்த ஓட்டை வழியாக வரவேண்டும் என்று கேட்கும் ‘மூலம்’ என்ற பட்டியலைத் திறந்து, ஒவ்வொன்றாக அழுத்திக்கொண்டே போனாள். மூன்றாவதில் சுவரளவு வெளிச்சம் வந்தது. மகள் கறுப்பு அங்கியில், முழுத் தலையோடு நின்றிருந்தாள்.

“எங்க அப்பா லிஃப்ட் ரிப்பேர் பண்றவர்” என்று பேசிக்கொண்டிருந்தாள். “இன்னைக்கு அவருக்கு லீவு கிடைக்கல. எத்தனையோ பேர் மேல போகணும்னா அவர் அங்க இருந்தாகணும். நான் மேல வந்ததும் அப்படித்தான்.”

அரங்கம் கைதட்டியது. மனைவி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவர் நின்றுகொண்டே பார்த்தார். உட்காரச் சொல்லியிருந்தாலும் உட்கார்ந்திருக்கமாட்டார். பேச்சு முடிவதற்குள் மனைவி உள்ளே போய் ஒரு தலையணையை எடுத்து வந்து நாற்காலியில் போட்டாள்.

கொஞ்ச நேரத்தில் மகளே போன் செய்தாள். மனைவி ஸ்பீக்கரில் போட்டாள்.

“அம்மா, டிவியில நல்லா தெரிஞ்சுதா? ஒண்ணும் பிரச்சினை இல்லையே?”

மனைவி அவரை ஒரு பார்வை பார்த்தாள். “மூலத்துலதான் கொஞ்சம் பிரச்சினை. இப்ப கண்டுபிடிச்சாச்சு.”

“ஓ, ரிமோட்ல மாத்திட்டீங்களா?”

தப்பித்துக்கொள்ள அழகான வழி. மனைவியே திறந்துவிட்ட வழி. லிஃப்ட்காரர் தலையணை மேல் மெதுவாக உட்கார்ந்து போனை வாங்கினார்.

“அம்மா சொல்றது டிவியைப் பத்தி இல்லடா கண்ணு” என்றார்.