ஜட்ஜ் சிரித்த படம்

ஸ்டுடியோவுக்கு வந்த பெண் கேட்டது ஒரே ஒரு படம். அவள் கணவர் சிரிக்கும் படம். எட்டு மாதமாக அது தொழிற்சாலை வாசலில் ஆளுயரத்துக்கு நின்றிருந்தது. மஞ்சள் ஹெல்மெட், பழுப்புச் சட்டை, பல் தெரிந்த சிரிப்பு. கீழே, 'பத்திரமாக வேலை செய்வோம், பத்திரமாக வீடு திரும்புவோம்' என்று ஒரு வரி. அவர் இயந்திரத்தில் சிக்கி இறந்த மறுநாள், காலை ஷிஃப்ட் தொடங்குவதற்குள் அதைக் கழற்றிவிட்டார்கள்.

"வீட்ல அவர் சிரிச்ச படம் ஒண்ணுகூட இல்ல சார்," என்றாள்.

கூட வந்த கொழுந்தன், "ஃபேக்டரில எங்க அண்ணனுக்கு ஜட்ஜுனுதான் பேரு. கல்யாண ஆல்பத்துலயே, என்னமோ தீர்ப்பு சொல்லப் போற மாதிரி நிப்பாரு," என்றான். அவள் முகம் சற்றுத் தெளிந்து மறுபடி மூடிக்கொண்டது.

படம் புகைப்படக்காரரின் கணினியில் இருந்தது. திறந்து காட்டவில்லை. காட்டினால் கொடுக்க வேண்டியிருக்கும்.

"எடுத்தது நான்தாம்மா. ஆனா கம்பெனி சொல்லி, கம்பெனிக்காக எடுத்தது. பதிப்புரிமை மொத்தமும் அவங்களுக்குத்தான்னு கையெழுத்துப் போட்டிருக்கேன்."

"முகம் அவரோடதுதானே?"

"முகம் அவரோடது. படம் அவங்களோடது. அன்னைக்கு நின்ன நாப்பது பேரும் சம்மதம்னு எழுதிக் குடுத்திருக்காங்க."

"படிச்சிருக்க மாட்டாரு," என்றான் கொழுந்தன். "மூக்குக் கண்ணாடி லாக்கர்ல இருந்திருக்கும்."

"ஒரு வார்த்தை கேட்டுட்டுத் தரேன். வேணாம்னு சொல்ல அவங்களுக்கு என்ன இருக்கு? வியாழக்கிழமை வாங்க."

அதை அவர் நம்பியே சொன்னார். இருபது வருடத் தொழிலில் ஒருவருக்காக எடுத்த படத்தை அவரைக் கேட்காமல் இன்னொருவருக்குக் கொடுத்ததில்லை. அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

விளம்பரப் பிரிவு அதிகாரி போனில் முதலில், "ஐயோ பாவம்," என்றார். பிறகு குரல் மாறியது. "ஒரு நிமிஷம். அந்தப் படமெல்லாம் இன்னும் உங்ககிட்ட இருக்கா?"

"பத்திரமா எடுத்து வச்சிருக்கேன் சார்."

"ஒப்படைச்சதுக்கு அப்புறம் வச்சுக்கக் கூடாதுன்னு ஒப்பந்தத்துலயே இருக்கே. விசாரணை நடக்குது. அது பேப்பர்ல வந்தா யார் பதில் சொல்றது? எங்ககிட்ட இருந்ததையே அழிச்சாச்சு. நீங்களும் இன்னைக்கே அழிச்சிட்டு எழுதிக் குடுங்க."

"சுவத்துல மாட்டத்தான் சார் கேக்கறாங்க."

"நீங்க எழுதிக் குடுங்க. அடுத்த மாசம் புது யூனிட்டப் படம் எடுக்கற வேலை வேற இருக்கு."

மதியம் மூன்று மணிக்குக் கணினியிலிருந்தும் நகல் டிஸ்க்கிலிருந்தும் அழித்தார். கடிதத்தில் கையெழுத்துப் போட்டு முத்திரை வைத்தார்.

வியாழக்கிழமை வந்தவர்களிடம் எதையும் மறைக்கவில்லை.

"கேக்காமலே குடுத்திருக்கலாமே சார்," என்றான் கொழுந்தன்.

"குடுத்திருக்கலாம்."

புகைப்படக்காரர் ஒரு உறையை நீட்டினார். வெளிச்சம் சரியாக இருக்கிறதா என்று பார்க்க, ஒவ்வொருவரையும் ஒரு சாம்பல் நிற அட்டையை முகத்துக்கு முன்னால் பிடிக்கச் சொல்லி முதல் படம் எடுப்பது வழக்கம். யாருக்கும் கொடுக்கிற படமல்ல. வேறு ஃபோல்டரில் கிடந்ததால் தப்பியிருந்தது. இதற்கும் அவர்கள்தான் உரிமையாளர்களா என்று இந்த முறை யாரையும் கேட்கவில்லை.

ஹெல்மெட், அட்டை, பழுப்புச் சட்டை. அட்டையின் இரண்டு ஓரத்திலும் விரல்கள். அவள் நெடுநேரம் பார்த்தாள்.

"நகம் வெட்டாமப் போயிருக்காரு," என்றாள்.

பிறகு நிமிர்ந்தாள். "எதுக்கு சார் சிரிச்சாரு? அதையாவது சொல்லுங்க. அது கம்பெனிக்குச் சொந்தமில்லையே."

அவருக்கு நினைவில்லை. நாற்பது பேர், ஆளுக்கு மூன்று நிமிடம்.

"எல்லார்கிட்டயும் ஒண்ணு சொல்வேம்மா. 'கொஞ்சம் வேலை செய்யற மாதிரி நில்லுங்க, மேனேஜர் நம்பணும்ல'னு."

கொழுந்தன் தரையைப் பார்த்தான். அவள் யோசித்தாள்.

"இதுக்கெல்லாம் அவர் சிரிக்க மாட்டாரு சார்."

"இருக்கும்மா. அழிக்கறதுக்கு முன்னால ஒரு தடவ பாத்தேன். கண்ணு கேமராவப் பாக்கல. பக்கத்துல யாரையோ பாத்துட்டிருந்தாரு."

"யாரை?"

"தெரியலம்மா. வரிசைல நின்னவங்க யாராவது இருக்கும். எல்லாரும் சத்தமாப் பேசிட்டுத்தான் இருந்தாங்க."

அவள் படத்தை உறையில் போட்டு எழுந்தாள்.

"ஷிஃப்ட் எப்ப தம்பி விடும்?"

"அஞ்சரைக்கு அண்ணி. எதுக்கு?"

"முப்பத்தொம்பது பேர்தானே. வாசல்ல நின்னு ஒவ்வொருத்தராக் கேக்கலாம்."