குராஹாஷியின் வலது காது

எங்கள் பேராசிரியர் குராஹாஷிக்கு இருந்ததைப் போன்ற காது ஜப்பானில் வேறு யாருக்கும் கிடையாது. கீழே கூண்டில் ஒரு கினிப்பன்றி கொட்டாவி விட நினைத்தாலே போதும், மாடியில் இருந்தபடி திரும்பிப் பார்ப்பார். கொஞ்சம் கூட்டித்தான் சொல்கிறேன். ஓய்வு பெற்றவனுக்கு வேறென்ன வேலை?

போர் முடிந்த கையோடு, ராணுவம் தூக்கிப்போட்ட ரேடியோக்களைப் பிரித்து அவரே கருவி செய்தார். முடியைவிட மெல்லிய கண்ணாடிக் குழாயைக் கினிப்பன்றியின் உட்காதில் இறக்கி, சத்தம் மின்சாரமாக மாறுவதை அளந்தார். பனி ஜன்னலை மூடிய நீகாட்டா குளிர்காலங்களில் நான் அவருடைய உதவியாளன். பெரிய சத்தம் காதை எப்படிக் கெடுக்கிறது என்று பார்க்க வேண்டி வந்தது. மிருகத்தைக் கேட்டால் பதில் வராது என்று தன் வலது காதையே வைத்துப் பார்த்தார். அந்தக் காது செவிடாயிற்று. அன்று அவர் முகத்தில் இருந்த பூரிப்பைக் கல்யாண மாப்பிள்ளைகளிடம்கூட நான் கண்டதில்லை.

"நான் செத்ததும் ரெண்டு காதெலும்பையும் எடுத்துக்குங்க. கெட்டதையும் நல்லதையும் பக்கத்துல வச்சுப் பாருங்க" என்று சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார்.

ஒரு காலையில் மருத்துவமனையில் இறந்தார். உட்காது இருப்பது அந்த எலும்புக்குள்; அது கெடும் முன் அன்றே எடுத்தாக வேண்டும். அதற்கு அவர் மனைவி மிட்சுயோ அம்மாள் சம்மதிக்க வேண்டும். கேட்டு வரும்படி எல்லோரும் என்னைத்தான் தள்ளிவிட்டார்கள்.

பேராசிரியர் முகத்தில் வெள்ளைத் துணி போட்டிருந்தது. அம்மாள் பக்கத்தில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். நான் தலை குனிந்து விஷயத்தைச் சொன்னேன்.

"ஒனொதேரா சான்," என்று என்னை மரியாதையாகவே அழைத்தார். "உயிரோட இருந்தப்பவும் அந்தக் காது உங்களுக்குத்தான். இப்பவுமா?"

"அவரோட ஆசைம்மா."

வெள்ளைத் துணியின் ஓரத்தை நேராக இழுத்துவிட்டார். பிறகு, "இடது காதை எடுத்துக்குங்க. வலது எனக்கு வேணும்" என்றார்.

"அம்மா, கேக்காத காதுதான் எங்களுக்கு முக்கியம்."

"எனக்கும் அதுதான். நல்ல காதைத் தலையணையில அழுத்திக்கிட்டுத்தான் தூங்குவாரு. செவிட்டுக் காது என் பக்கம். இத்தனை வருஷம் நான் பேசினது பூரா அதுலதான் கெடக்கு."

"என்னம்மா பேசினீங்க?"

"பாதி உங்களத் திட்டினது."

மீதியை நான் கேட்கவில்லை. திரும்பிப் போய், வலது காது கிடையாது என்றேன். ஆய்வகமே என்மேல் பாய்ந்தது. இடது காதெலும்பை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். ஒரு பேராசிரியர் அழுதே விட்டார். இது கூட்டிச் சொன்னதல்ல.

தகனம் முடிந்து எலும்பு பொறுக்கினோம். எங்கள் வழக்கப்படி எந்தத் துண்டையும் இரண்டு பேர் சேர்ந்துதான் குச்சிகளால் தூக்க வேண்டும். அம்மாள் என்னைக் கூப்பிட்டார். சாம்பலுக்குள் வலது காதெலும்பு எதுவென்று அங்கே எனக்குத்தான் தெரியும். மற்றவை நொறுங்கிக் கிடந்தாலும் அது கெட்டியாக இருந்தது. காட்டினேன். இருவரும் தூக்கினோம். என் பக்கக் குச்சி வழுக்கியது.

"கெட்டியாப் பிடிங்க, ஒனொதேரா சான்" என்றார் அம்மாள். "அதுல கனம் ஜாஸ்தி."