மீனுக்கு மலேரியா வராது

சேர்மன் தண்ணீருக்கு மேலே வாயை நீட்டி நீட்டிக் காற்றை விழுங்கிக்கொண்டிருந்தார். சேர்மன் என்பது எஃபோசா தன் தங்கமீனுக்கு வைத்திருந்த பெயர். ஆள் உள்ளங்கை அகலம், தொப்பை வேறு. நைஜீரியாவின் பெனின் சிட்டியில் அந்தத் தெருவுக்கே கரண்ட் போய், வீட்டுக்கு வீடு ஜெனரேட்டர் அலறிக்கொண்டிருந்த சாயங்காலம் அது. டிவியில் கால்பந்து நடந்தது. எஃபோசாவுக்கு அதில் கண் நிற்கவில்லை.

"இத்தோகன்! நல்ல தண்ணி ஒரு பேசின் கொண்டா, சீக்கிரம்! சேர்மனுக்கு மூச்சு முட்டுது!"

"எனக்குப் பிரசவ வலி வந்தப்பகூட இப்படி ஓடல நீங்க" என்றாள் அவன் மனைவி, அடுப்பில் கிழங்கைப் புரட்டியபடி. "அதுக்கு ரொம்ப முடியலைன்னா சொல்லுங்க, அதையே பெப்பர் சூப் வச்சிடறேன்."

"வாயை மூடு!"

பின்பக்கத்து அறையிலிருந்து அதேசுவாவின் குரல் வந்தது. அவள் இத்தோகனின் அக்கா. புருஷன் போனபின் தங்கை வீட்டோடு இருந்து, தையல் மிஷினை ஓட்டிப் பிழைக்கிறாள். ஊர் வழக்கப்படி ஒரு சாவு வீட்டுச் சொந்தங்கள் எல்லோருக்கும் ஒரே துணியில் சட்டை தைத்துக் கொடுக்க வேண்டிய அவசரம் அவளுக்கு.

"தம்பி, தலை வெடிக்குதுப்பா. வாந்தியா வருது. அந்த ஜெனரேட்டரைக் கொஞ்சம் நிறுத்தேன்."

"அது மலேரியாக்கா! மாத்திரை போட்டீங்களா?"

"போன வாரமும் போட்டேன், இந்த வாரமும் போட்டேன். காலையில நல்லாத்தானே இருக்கேன்? சாயங்காலம் மட்டும் வர்ற மலேரியா எந்த ஊர்ல இருக்கு?"

"நம்ம ஊர்லதான்!" என்று சிரித்துவிட்டு அவன் மீனிடம் திரும்பினான். தலைவலியா, மலேரியா. சோர்வா, மலேரியா. மாமியார் வருகிறாள் என்றாலும் மலேரியா. அந்தத் தெருவில் வேறு நோய்க்கு இடமே கிடையாது.

பேசினில் விட்டதும் சேர்மன் மெல்லத் தேறினார். செவுள்கள் நிதானமாக அசைந்தன. எஃபோசா தொட்டித் தண்ணீரில் பாதியை இறைத்துவிட்டுப் புதுத் தண்ணீர் ஊற்றி, மீனைத் திரும்ப விட்டான். சற்று நேரம்தான். மறுபடி மேலே வந்து வாயைப் பிளந்தது.

தண்ணீரில் குற்றமில்லை, இரையில் குற்றமில்லை. பிறகென்ன? கரண்ட் இருக்கும் நாளெல்லாம் துள்ளுகிற மீன், ஜெனரேட்டர் போட்டால் மட்டும் ஏன் தவிக்கிறது? தொட்டியில் குமிழ்கள் பொங்கிக்கொண்டிருந்தன. குனிந்து மூக்கை வைத்தான். குப்பென்று பெட்ரோல் புகை அடித்தது.

தொட்டிக்குக் காற்று கொண்டுவரும் ரப்பர் குழாய் போன வழியே ஓடி, நடைக்கதவைத் திறந்தான். சத்தம் தொல்லையாக இருக்கிறதென்று காற்று பம்பை அவன்தான் பின்பக்க நடையில் வைத்திருந்தான். அதை ஒட்டியே ஜெனரேட்டர் உறுமிக்கொண்டிருந்தது. பக்கத்து வீட்டு ஜெனரேட்டரைத் திருடன் தூக்கிக்கொண்டு போனதிலிருந்து, தன்னுடையதை உள்ளே கொண்டுவந்து சங்கிலி போட்டு, கொல்லைக் கதவையும் பூட்டி வைத்திருந்தான். நடை முழுக்கப் புகை. பம்பின் மேல் கரி படிந்திருந்தது.

"அடியே! இத்தனை நாளா புகையை இழுத்து சேர்மனுக்கு ஊதியிருக்கோம்டி!"

ஜெனரேட்டரை அணைத்தான். வீடு இருண்டது. பம்பைத் தூக்கிக்கொண்டு வெற்றியோடு திரும்பியவன், இத்தோகனின் முகத்தைப் பார்த்து நின்றான். அவள் டார்ச்சோடு அக்காவின் அறைக்கதவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தக் கதவு திறப்பது இந்த நடைக்குத்தான்.

"அக்கா?"

இத்தோகன் கதவைத் தள்ளினாள். மிஷின் சத்தம் இல்லை.

அதேசுவா துணி மேல் கவிழ்ந்து கிடந்தாள். எஃபோசாவின் கையிலிருந்து பம்ப் விழுந்து உடைந்தது. இருவரும் அவளைத் தூக்கி முற்றத்துக்கு ஓடினார்கள். எதிர்வீட்டுக்காரர் காரை எடுத்தார். வழி நெடுக எஃபோசா, "மூச்சு விடுங்கக்கா, மூச்சு விடுங்க" என்று அழுதுகொண்டே போனான். ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன் வைத்தார்கள். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் மீன் மட்டும்தான் மிஞ்சியிருக்கும் என்றார், நடந்ததைக் கேட்ட டாக்டர்.

கண் விழித்த அதேசுவா, முதலில் தைக்காமல் கிடந்த சட்டைகளைப் பற்றிக் கேட்டாள். நடந்ததை இத்தோகன் சொல்லக் கேட்டபின் அவனைப் பார்த்தாள்.

"மீனு எப்படிப்பா இருக்கு?"

"நல்லா இருக்குக்கா." அவனால் தலைநிமிர முடியவில்லை.

"மீனுக்கு மலேரியா வராதுன்னு உனக்குத் தெரிஞ்சிருக்கு. அதனால காரணத்தைத் தேடின. அதுக்கும் மலேரியா வரும்னு இருந்திருந்தா, நான் இன்னிக்கு இல்ல தம்பி."

அடுத்த நாளே ஜெனரேட்டர் முற்றத்தின் கோடிக்கு, இரும்புக் கூண்டுக்குள் போனது. எஃபோசா அதோடு விடவில்லை. தெருவில் ஒவ்வொரு வீடாகப் போய்க் கதவைத் தட்டினான்.

"உள்ள வச்சிருக்கியா? வெளிய எடு. திருடன் எடுத்துட்டுப் போனா ஜெனரேட்டர்தான் போகும். உள்ள வச்சா உசிரு போகும். அப்புறம், வீட்ல யாராவது முடியலைன்னு சொன்னா, மீனுக்குக் குனிஞ்ச மாதிரி அவங்களுக்கும் ஒரு தடவை குனிஞ்சு பாரு. நான் பாக்கல."