ஆறுமுகப்பெருமாளின் பதில்

என் தம்பி ஆறுமுகப்பெருமாள் போன ஆவணியில் இறந்தான். வலிப்பு. ஐம்பது வயது நிறைய இரண்டு மாதம் பாக்கி இருந்தது. அவனுக்கு ஆட்டிசம், கூடவே அறிவு வளர்ச்சிக் குறைபாடும். பேச்சு என்று பார்த்தால் ஆறேழு சொற்கள். அம்மா போன பிறகு பூதப்பாண்டிக்குப் பக்கத்தில் எங்கள் வீட்டில் நானும் அவனும் மட்டும்தான். நான் ஊர்ப்புற நூலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கடைசி இரண்டு வருடம் அவன் என்னோடு இல்லை. துட்டிக்கு, துக்கம் விசாரிக்க வந்தவர்களில் பாதிப் பேர் அதைப் பற்றிக் கேட்டார்கள், மீதிப் பேர் கேட்காமல் என் முகத்தைப் பார்த்தார்கள். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

ஹரிதா முதலில் வந்தது ஒரு புதன்கிழமை. கல்லூரியில் ஆய்வு செய்கிற பெண். ஆறுமுகப்பெருமாள் மாதிரி ஆட்கள் எங்கே இருக்கிறார்கள், யாரோடு இருக்கிறார்கள், எப்படி இருக்க விரும்புகிறார்கள் என்பதுதான் ஆய்வு. இப்படி முன்பும் சிலர் வந்ததுண்டு. பன்னிரண்டு பக்கக் கேள்வித்தாள் தருவார்கள். 'மகிழ்ச்சியாக இருக்கிறாரா? எப்போதும், சில நேரம், இல்லை.' நான் 'எப்போதும்' என்பதில் டிக் அடித்துக் கொடுப்பேன். காப்பி குடித்துவிட்டுப் போவார்கள்.

"உள்ள வா மக்கா. ஃபாரத்தக் குடு, எழுதித் தாறேன்" என்றேன்.

"ஃபாரம் இல்லம்மா. நான் அண்ணன்ட்ட பேச வந்தேன்."

"அவன்ட்டயா? அவன் ஒனக்கு என்னத்தச் சொல்லுவான்?"

"தெரியாதும்மா. அதான் வந்தேன்."

அவன் அறையில், அவனுக்கு நாலைந்து அடி தள்ளித் தரையில் உட்கார்ந்தாள். தன் புகைப்படம் ஒட்டிய ஒரு அட்டையை நடுவில் வைத்தாள். "நான் ஹரிதா. உங்ககிட்ட கேக்க வந்தேன். வேண்டாம்னா போயிருவேன்" என்று நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். பிறகு காத்திருந்தாள். அவன் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"அவன் அப்பிடித்தான். நீ கேளு, நான் சொல்லுகேன்" என்றேன்.

அவள் எழுந்துவிட்டாள். "வேண்டாம்னு சொல்லிட்டாங்கம்மா" என்று செருப்பை மாட்டினாள்.

வடசேரியில் பஸ் மாறி வெயிலில் வந்தவள். ஒரு டம்ளர் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. நான் வாசலில் நின்றுகொண்டே இருந்தேன். நாற்பத்தேழு வருடத்தில் அவன் வேண்டாம் என்றதற்காக ஒருவர் திரும்பிப் போனதை அன்றுதான் பார்த்தேன். டாக்டர் போனதில்லை, முடி வெட்டுகிறவர் போனதில்லை. நான் போனதில்லை. சுவர்ப் பக்கம் திரும்புவது வேண்டாம் என்பதுதான் என்றே எனக்கு அதுவரை தோன்றியதில்லை.

அடுத்த புதனும் அப்படியே திரும்பிப் போனாள். மூன்றாம் வாரம் அவன் பாதி திரும்பினான். நாலாம் வாரம் அட்டையைக் கையில் எடுத்தான்.

அதற்கடுத்த வாரம் சிரிக்கிற முகம், அழுகிற முகம் என்று வரைந்த படங்கள் கொண்டுவந்தாள். எது பிடிக்கும், எது பிடிக்காது என்று சொல்வதற்காம். அவன் இரண்டையும் பாய்க்கு அடியில் தள்ளிவிட்டு மேலே உட்கார்ந்துகொண்டான். எனக்கு வெட்கமாகப் போயிற்று. அவள் சிரித்தாள். மறுமுறை வந்தபோது சொன்னாள்: "அண்ணன் செஞ்சது சரிதான். எங்க குழுவுல அண்ணன மாதிரி ஆறு பேரு இருக்காங்க. கேள்வியெல்லாம் முதல்ல அவங்கதான் பாப்பாங்க. அவங்கள்லயும் ரெண்டு பேரு அந்தப் படத்தத் தூரப் போட்டாங்க. இப்ப எல்லாருக்கும் அத எடுத்தாச்சு. இனி நிஜப் போட்டோதான்."

என் தம்பி ஒரு ஆய்வின் கேள்வித்தாளைத் திருத்தியிருந்தான். முப்பத்தோரு வருடம் புத்தகங்களுக்கு நடுவே உட்கார்ந்திருந்தவள் நான். எதிலும் ஒரு வரியை மாற்றச் சொல்லலாம் என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

இங்கே இன்னொன்றைச் சொல்ல வேண்டும். அவன் பகலில் நாகர்கோவிலில் ஒரு மையத்துக்குப் போவான். அங்கே நேந்திரங்காய் சிப்ஸ் பாக்கெட் போடும் வேலை. மையத்துக்குப் பின்னால் ஆறு பேர் தங்குகிற மாதிரி ஒரு வீடு கட்டியிருந்தார்கள். மையத்தை நடத்துகிற விக்டோரியா இரண்டு தடவை என்னிடம் கேட்டாள், ஆறுமுகப்பெருமாள் அங்கே வந்து இருக்கட்டுமே என்று. "நான் உயிரோட இருக்கும்போ அவன் என்னத்துக்கு அங்க கெடக்கணும்?" என்று சொல்லிவிட்டேன். அவனிடம் கேட்கவில்லை. கேட்கிற விஷயமாக அது எனக்குப் படவில்லை.

ஹரிதா அவனிடம் ஒரு சின்னக் கேமராவைக் கொடுத்தாள். இரண்டு வாரம் அது அவன் கழுத்தில் கிடந்தது. எழுபத்து நாலு படம். அச்சடித்துக் கொண்டுவந்து தரையில் பரப்பினாள். நான் குனிந்து முதலில் என்னைத்தான் தேடினேன். ஒன்றில் என் பாதம் இருந்தது, அதுவும் பாதி. தென்னந்தோப்பு, பஸ்சின் பின்சீட்டு, சிப்ஸ் பாக்கெட் ஒட்டுகிற மெஷின். பத்தொன்பது படத்தில் ஒரே பொருள். ஒரு கதவின் தாழ்ப்பாள்.

"இது எங்க உள்ளது?"

"அந்தப் புது வீட்டுலம்மா. காலியா ஒரு ரூம் கெடக்கு. மத்தியானம் சாப்பிட்டதும் அண்ணன் உள்ள போயி தாழ்ப்பாள் போட்டு அரை மணிக்கூறு இருப்பாங்களாம். அப்புறம் அவங்களே தொறந்து வருவாங்க. அவசரம்னா வெளிய இருந்தும் தொறக்கலாம்னு விக்டோரியாக்கா சொன்னாங்க."

அவனுக்கு ஏழு வயதில் ஒரு மத்தியானம் அறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டான். திறக்கத் தெரியவில்லை. அப்பா கதவை உடைத்தார். மறுநாளே ஆசாரியைக் கூப்பிட்டு வீட்டில் உள்பக்கத் தாழ்ப்பாள் அத்தனையும் கழற்றினோம், குளியலறை உட்பட. நாற்பது வருடம். பாசத்தால்தான், பயத்தால்தான். ஆனால் நாற்பது வருடமாக எங்கள் வீட்டில் அவன் தானே அடைத்த ஒரு கதவுக்குப் பின்னால் இருந்ததில்லை.

அன்று ஹரிதா மூன்று வீடுகளின் படங்களை அவன் முன்னால் வைத்தாள். எங்கள் வீடு, அந்தப் புது வீடு, எங்கள் சித்தப்பா மகன் முருகதாஸின் வீடு. அவன் கையில் அவனுடைய சின்னப் புகைப்படம். "எங்க இருக்கணும்?"

அவன் அதைப் புது வீட்டின் மேல் வைத்தான்.

"இங்கல்லா மக்கா இருக்கணும், அக்கா கூட" என்று நான் அவன் கையைப் பிடித்துப் படத்தை எங்கள் வீட்டின் மேல் வைத்தேன். கை மறுக்கவில்லை. சோறு ஊட்டும்போது பிடிக்கிற கை, அதற்குப் பழக்கம்.

"அம்மா, இது உங்க பதிலு" என்றாள் ஹரிதா. குரலில் கோபமில்லை. "இதயும் எழுதிக்கிடுதேன். உங்க பேர்ல."

மறுவாரம் படங்களை இடம் மாற்றி வைத்தாள். சிலர் எப்போதும் வலது பக்கத்தையே எடுப்பார்களாம். புது வீடு. மூன்றாம் வாரம் இன்னொரு வரிசை. புது வீடு. அந்தத் தடவை அவன் ஹரிதாவின் படக் கட்டிலிருந்து என்னுடைய புகைப்படத்தையும் தேடி எடுத்தான். அதை எங்கள் வீட்டின் மேல் வைத்து, ஓரம் சரியாக இருக்கிறதா என்று குனிந்து பார்த்து, விரலால் நேராக்கினான். நான் எங்கே இருப்பேன் என்பதையும் அவன் யோசித்திருந்தான்.

அப்படியும் நான் விடவில்லை. ஆசாரியை வரவழைத்து அவன் அறைக் கதவில் உள்ளே ஒரு தாழ்ப்பாள் அடிக்கச் சொன்னேன், வெளியிலிருந்தும் திறக்கிற மாதிரி. அவன் ஆசாரியின் பக்கத்திலேயே நின்று பார்த்தான். பிறகு உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டான். ஒரு மணி நேரம். நான் வெளியே சுவரில் சாய்ந்து நின்றேன். உள்ளே அவன் முனகுகிற சத்தம் கேட்டது, சந்தோஷமாக இருந்தால் மட்டும் வருகிற சத்தம். உடனே ஹரிதாவுக்குப் போன் செய்தேன். "இப்ப வந்து கேளு."

வந்தாள். கேட்டாள். அவன் புது வீட்டின் மேல் வைத்தான்.

"அப்பொ தாழ்ப்பாளுக்காக இல்லியா? பின்ன என்னத்துக்காக்கும்?" என்று கேட்டேன்.

"எனக்கும் தெரியாதும்மா. எங்கன்னு சொன்னாங்க. ஏன்னு சொல்லல. சொல்லாதத நான் எழுத முடியாதுல்லா."

முருகதாஸ் விஷயம் தெரிந்து ஓடி வந்தான். "அக்கா, ஒனக்கு வட்டு பிடிச்சிருக்கா? ரெண்டு படத்த நீட்டினா கொரங்குகூட ஒண்ண எடுக்கும்!"

"நாலு வாரம் மாத்தி மாத்தி வச்சாச்சு டே. ஒன் வீட்டையும் வச்சோம். அதுல அவன் கை வைக்கக்கூட இல்ல."

"அது... எங்க வீட்டுல நாய் கெடக்குல்லா, அதனால இருக்கும்" என்றான். பிறகு குரலை இறக்கினான். "ஊர்ல என்ன சொல்லுவாங்க? இத்தன காலம் பாத்துட்டு, வயசானதும் தம்பியக் கொண்டு தள்ளிட்டான்னுல்லா சொல்லுவாங்க."

"சொல்லட்டும்."

விக்டோரியாவிடமிருந்து சேர்க்கைப் படிவத்தை வாங்கி வந்தேன். சட்டப்படி கையெழுத்து என்னுடையதுதான். நான் போடாவிட்டால் அவன் பதில் ஹரிதாவின் ஆய்வில் மட்டும் இருக்கும், அவன் என் வீட்டில் இருப்பான். மூன்று நாள் அந்தக் காகிதம் மேசையில் கிடந்தது. அவன் போனால் நான் யாருக்காக எழுந்திருப்பேன் என்பதுதான் மூன்று நாளும் என் யோசனை. அந்தக் கேள்வியில் அவன் எங்குமே இல்லை என்று நாலாம் நாள் விளங்கியது. 'சேர்ப்பதற்கான காரணம்' என்ற இடத்தில் 'அவனே கேட்டான்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

வலிப்பு அவனுக்குப் பன்னிரண்டு வயதிலிருந்தே உண்டு. மருந்து ஒருநாள்கூடத் தவறியதில்லை. கடைசி வலிப்பு வந்தது காலை பத்து மணிக்கு, சிப்ஸ் மேசையில், எல்லோருக்கும் நடுவில். எங்கே இருந்திருந்தாலும் வந்திருக்கும் என்று டாக்டர் சொன்னார். அதை நான் நம்புகிறேன். சில நாள் நம்பாமலும் இருக்கிறேன்.

ஆனால் நான் அடிக்கடி நினைப்பது அவனைப் பார்க்க அந்த வீட்டுக்கு முதன்முதலாகப் போன ஞாயிற்றுக்கிழமையைத்தான். அவனைச் சேர்த்து இரண்டு வாரம் கழித்து வரச் சொல்லியிருந்தாள் விக்டோரியா. அவன் அழுதிருப்பான், என் சேலையைப் பிடித்துக்கொள்வான் என்று எண்ணியபடி போனேன். அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை, எப்போதும் பார்ப்பதில்லை. உள்ளே போய் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கி வந்து வராந்தாவில் போட்டான். நான் உட்காரும்வரை நின்றான். பிறகு ஒரு டம்ளர் தண்ணீர், பாதி சிந்தி, பாதி மிச்சம். நாற்பத்தேழு வருடத்தில் அவன் எனக்குத் தண்ணீர் கொண்டுவந்ததில்லை. கொண்டுவர நான் இடம் கொடுத்ததில்லை. முழுவதையும் குடித்தேன்.

கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து முன்னும் பின்னும் ஆடிக்கொண்டிருந்தான். இருபது நிமிடம் இருக்கும். எழுந்து வந்து என் கைப்பையை எடுத்து மடியில் வைத்தான்.

"பஸ்" என்றான்.

விக்டோரியா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "பாத்தியளா, ஒங்கள அனுப்பி வைக்காரு!"

வீட்டுக்காரன் சொன்ன பிறகு விருந்தாளி உட்கார்ந்திருக்கக் கூடாது. நான் எழுந்தேன். கேட் வரைக்கும் கூட வந்தான். நான் ரோட்டைத் தாண்டி நிறுத்தத்தில் போய் நின்று திரும்பிப் பார்த்தபோது கேட்டைச் சாத்திக்கொண்டிருந்தான். பஸ் வருவதற்குள் உள்ளே போய்விட்டான்.