ஒன்றரை டிகிரி

கொத்தனார் மண்பூச்சின் மேல் மட்டப்பலகையை இழுத்துக்கொண்டிருந்தார். காலை பத்து மணிக்கே வெயில் பிடரியைச் சுட்டது. கண்ணுக்கு எட்டிய தூரம் மணல். நடுவில் மாதிரி வீடு ஒன்று: இரண்டடி கனத்தில் மண்சுவர், காற்றை உள்ளே இறக்கக் கூரைமேல் ஒரு கோபுரம், வாசலில் 'எளியோர்க்கு எட்டும் பசுமைக் குடியிருப்பு' என்ற பலகை. இதேபோல நாலாயிரம் வீடுகள் வரும் என்றது பலகை. எந்த வருடம் என்ற இடத்தில் மட்டும் பெயின்ட் உரிந்திருந்தது. நூறடி தள்ளி, வீட்டைக் கட்டியவர்களின் தகரக் கொட்டகைகள்.

கொத்தனாரின் மனைவிக்கு எட்டு மாதம். போன வாரம் கொட்டகைக்குள் குடத்தோடு மயங்கி விழுந்தாள். "மத்தியானத்துல குளிர்ச்சியான இடமா பாத்துப் படுக்க வைங்க. இன்னொரு தடவை விழுந்தா குழந்தை தங்காது," என்றாள் நர்ஸ். சுற்றுவட்டாரத்தில் குளிர்ச்சியான இடம் ஒன்றுதான். பூச்சு வேலைக்காக அதன் சாவியும் கொத்தனாரிடமே இருந்தது.

மூன்று நாள் மத்தியானம் அவள் அந்த மண்தரையில் படுத்துத் தூங்கினாள்.

"கொட்டாயில சுருண்டே கிடந்துச்சு. இங்க வந்ததும் என்னா உதை உதைக்குதுங்க!"

"வாடகை கேப்பாங்கன்னு சொல்லு. அடங்கிரும்."

இன்றைக்கு இரண்டு கார்கள் வந்தன. உள்ளே குளிர் குறைந்துவிடக் கூடாதென்று எஞ்சினை அணைக்காமலே டிரைவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். கைத்தறிச் சட்டையில் இறங்கிய திட்ட இயக்குநர் சுவரைத் தடவினார். "மண்ணு நம்ம தாய். தாய் மடியில எவனுக்காவது ஏசி தேவைப்படுமா?" என்றார். கூட வந்தவர்கள் தேவைப்படாது என்று தலையாட்டினார்கள். ஒருவர் கார்க் கதவைச் சரியாகச் சாத்திவிட்டு வந்து ஆட்டினார்.

வீட்டுக்குள் பொருத்திய வெப்பமானிகளைக் கவனிக்கும் அளவையாளர் மட்டும் லேப்டாப்பிலிருந்து தலையெடுக்கவில்லை.

"சார், மூணு நாளா ஒன்றரை டிகிரி ஏறியிருக்கு."

"சுவர்ல விரிசலா?"

"இல்ல சார். ஒரு மணிக்கு ஏறுது, நாலு மணிக்கு இறங்குது. உள்ள யாரோ மூச்சு விட்டிருக்காங்க."

கொத்தனார் பலகையைக் கீழே வைத்தார். "என் வீட்டுக்காரிதான் சார். மாசமா இருக்கா. மயங்கி விழுந்துட்டா, நர்ஸு சொல்லிச்சு…"

"யோவ், இது யாருக்காகக் கட்டின வீடுன்னு தெரியுமா?"

"ஏழைங்களுக்குன்னு போர்டு இருக்கு சார்."

"ஆமா. ஏழைங்களுக்கு. உன் பொண்டாட்டிக்கு இல்ல."

அளவையாளர் கொஞ்சம் இளகிய மனசுக்காரர். "கொத்தனாரே, தப்பா எடுத்துக்காதீங்க. நீங்க ஏழைதான், அதுல யாருக்கும் சந்தேகமில்ல. ஆனா பயனாளி இல்ல. மனு போட நிரந்தர முகவரி வேணுமே."

"வீடு இருந்தாத்தானே சார் முகவரி?"

"அதுக்குத்தான்யா திட்டமே!" என்றார் இயக்குநர்.

"ஆளுங்க குடிவந்தா எப்பவும் ஏறத்தானே சார் செய்யும்?" என்று அளவையாளர் மெதுவாக இழுத்தார்.

"குடிவர்றப்ப பாத்துக்கலாம். வியாழக்கிழமை விருதுக் குழு வருது. அன்னைக்கு ஏறக் கூடாது."

அளவையாளர் மூன்று நாள் கணக்கையும் அழித்தார். 'கருவிப் பழுது' என்று எழுதிக்கொண்டார். கொத்தனாரிடமிருந்து சாவியை வாங்கிக்கொண்டு வீட்டின் பின்பக்கம் போன இயக்குநர் நின்றார். சுவர் நிழலில் முதுகைச் சாய்த்துக் கொத்தனாரின் மனைவி உட்கார்ந்திருந்தாள்.

"சாஞ்சா சுவர் சூடேறுமா?"

"ஏறும்னு சொல்ல முடியாது சார். ஏறாதுன்னும்…"

"பத்தடி தள்ளிக் கயிறு கட்டச் சொல்லு."

கயிற்றைக் கட்ட ஆள் தேட வேண்டியிருக்கவில்லை. கொத்தனாரே முளைக்குச்சிகளை அடித்து, நாலு பக்கமும் இழுத்துக் கட்டினார். தொய்வாக இருக்கிறது என்று இயக்குநர் ஒரு பக்கத்தை அவிழ்த்துக் கட்டச் சொன்னார். பிறகு கார்கள் போயின.

ஒரு மணிக்குக் கொட்டகையில் தகரம் வெடிப்பதுபோல முறுகியது. அவள் நனைத்த சாக்கு ஒன்றோடு வெளியே வந்து கயிற்றின் கிழக்குப் பக்கம் நின்றாள்.

"நிழலு எப்பங்க கயித்தத் தாண்டி இந்தப் பக்கம் வரும்?"

கொத்தனார் சுவரை அண்ணாந்து பார்த்தார். எழுப்பியவர் அவர்தான், உயரம் தெரியும். "மூணே முக்கால், நாலு ஆகும்."

அவள் வயிற்றைத் தாங்கிக்கொண்டு மணலில் உட்கார்ந்து சாக்கைத் தலைமேல் போட்டுக்கொண்டாள். அரைமணிக்குள் அது காய்ந்து விறைத்துவிட்டது. நிழல் சுவரை விட்டு ஓரடி வந்திருந்தது.